பிராபன் சொல்லச் சொல்ல எழுதியவர்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர நூலகத்தில் ஒரு கையெழுத்துப் பிரதி இருக்கிறது. லூக்கா சுவிசேஷம். 1857-ல் எழுதி முடிக்கப்பட்டது. ஆனி லேயார்ட் என்ற பெண்மணி அதன் பக்கங்களுக்கு வண்ண அலங்காரம் செய்து கொடுத்தார். நியூசிலாந்தில் கவர்னராக இருந்த சர் ஜார்ஜ் கிரேயின் சேகரிப்புக்குப் போய்ச் சேர்ந்த பிரதி அது. பார்க்க அவ்வளவு அழகு. படிக்கத்தான் ஆள் இல்லை. எந்த மக்களுக்காக அந்தச் சுவிசேஷம் மொழிபெயர்க்கப்பட்டதோ, அந்த மொழியை வீட்டில் பேசிய குடும்பங்கள் அதற்குள் விரல் விட்டு எண்ணும் அளவுக்கு அருகிப் போயிருந்தன.

அதை எழுதியவர் லேன்சலாட் எட்வர்ட் த்ரெல்கெல்ட். லண்டன் மிஷன் அனுப்பிய பாதிரியார். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில், சிட்னிக்கு வடக்கே நியூகாசிலை ஒட்டிய மக்குவாரி ஏரிக்கரையில் 15 ஆண்டுகளுக்கு மேல் பூர்வகுடிகளோடு வாழ்ந்தவர். மிஷன் வேலை என்ற கணக்கில் பார்த்தால் அவர் தோற்றுப் போனவர். கூட்டி நிறுத்திக் காட்ட அவரிடம் ஒரு சபை இல்லை. ஆனாலும் இன்று அந்த மொழி மறுபடி உச்சரிக்கப்படுகிறது என்றால், அதற்கு அவர் வைத்துவிட்டுப் போன ஏடுகள்தான் ஆதாரம். அந்த ஏடுகளில் பாதி உரிமை இன்னொருவருக்கு உண்டு. அவர் பெயர் பிராபன்.

த்ரெல்கெல்ட் 1788-ல் பிறந்தவர். இளமையில் லண்டன் நாடக மேடைகளில் நடித்துப் பார்த்தார். பிறகு மனம் ஊழியத்தின் பக்கம் திரும்பியது. 1816-ல் மனைவி மார்த்தாவோடு பசிபிக் தீவுகளுக்குக் கப்பல் ஏறினார். வழியில் குடும்பத்தில் நோய் வர, ரியோ டி ஜெனிரோவில் பல மாதங்கள் தங்க வேண்டியதாயிற்று. 1818-ல் ஜான் வில்லியம்ஸோடு சேர்ந்து ராயாட்டியா தீவில் மிஷன் தொடங்கினார். நம் ஊர் நாகர்கோவிலுக்கு சார்லஸ் மீட் வந்து சேர்ந்த ஆண்டும் அதுதான். இரண்டு பேரையும் அனுப்பியது ஒரே சங்கம். ராயாட்டியாவில் த்ரெல்கெல்ட் தாஹித்தி மொழியில் நன்றாகத் தேறினார். 1824-ல் மார்த்தா இறந்தார். பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஊர் திரும்பலாம் என்று கிளம்பியவர் சிட்னியில் இறங்கினார். அங்கேயே தங்கிவிட்டார். காலனியின் பழைய மருத்துவர்களில் ஒருவரான தாமஸ் ஆர்ண்டெலின் மகள் சாராவை மறுமணம் செய்துகொண்டார்.

மிஷனுக்கென்று மக்குவாரி ஏரியின் கிழக்குக் கரையில் 10,000 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. அந்த இடத்துக்குப் பூர்வகுடிகள் வைத்திருந்த பெயர் பாட்டாபா. வீடு எழும்பும்வரை த்ரெல்கெல்ட் நியூகாசிலில் தங்கியிருந்தார். அந்த ஊர் 1804-லிருந்து தண்டனைக் குடியிருப்பு. சிட்னியில் மறுபடி குற்றம் செய்த கைதிகளை அங்கே அனுப்பி நிலக்கரி வெட்டவும், தேவதாரு அறுக்கவும், கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கவும் வைத்தார்கள். அங்கே இருந்த நாட்களில், எட்டு ஒன்பது வயதுச் சிறுமிகளை வெள்ளைக்காரர்கள் இரவில் பலவந்தமாக இழுத்துப் போகும்போது எழுந்த அலறலைக் கேட்டதாக அவர் எழுதி வைத்திருக்கிறார். அவரைப் பற்றிப் படிக்கிறபோதெல்லாம் நான் அந்த இடத்தில் நின்றுவிடுகிறேன். ஒரு மொழியைக் கற்க வந்தவர் காதில் முதலில் விழுந்தது அந்தக் குரல்.

பிராபனை ஆங்கிலேயர் மெக்கில் என்று கூப்பிட்டார்கள். சிறு பையனாக இருந்தபோதே சிட்னி ராணுவக் குடியிருப்புக்குக் கொண்டுபோய், ஓர் அதிகாரியின் வேலைக்காரனாக வளர்த்தார்கள். ஆங்கிலம் சரளமாக வந்தது அப்படித்தான். போர்ட் மக்குவாரி குடியேற்றம் தொடங்கிய காலத்தில், தப்பியோடும் கைதிகளைத் தடம் பார்த்துப் பிடித்துக் கொடுக்கும் வேலையிலும் இருந்தார். ஆனால் அதோடு அவர் தன் மக்களை விட்டுப் போய்விடவில்லை. திரும்பி வந்தார். சடங்குகளில் நின்றார், ஆட்டங்களில் ஆடினார். திபாமா என்ற பெண்ணை மணந்தார். பிராபன் என்றால் அவர்கள் மொழியில் பெரிய கழுகு.

இருவரும் காலையில் உட்காருவார்கள். த்ரெல்கெல்ட் கேட்பார், பிராபன் சொல்வார், அவர் எழுதுவார். எழுதியதை வாசித்துக் காட்டுவார், இவர் திருத்துவார். மீதி நேரத்தில் மற்றவர்களோடு சேர்ந்து மரம் வெட்டும்போதும் மீன் பிடிக்கும்போதும், காலையில் கற்ற வாக்கியத்தைப் பேசிப் பார்ப்பார். நம் பக்கம் வந்த மிஷனரிகளுக்கு ஏட்டுச்சுவடி இருந்தது, நிகண்டு இருந்தது, திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்தது. சீகன்பால்கு தரங்கம்பாடியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகினார் என்றால், அங்கே எழுத ஓர் எழுத்தாவது இருந்தது. மக்குவாரி ஏரிக்கரையில் வாயும் காதும்தான். சொல்கிறவர் எழுந்து போய்விட்டால் புத்தகம் மூடிக்கொள்ளும்.

அந்த மொழியில் அவருக்கு வந்த முதல் தடுமாற்றத்தைத் தமிழர்கள் சட்டென்று புரிந்துகொள்வோம். ஙகரம். ஆங்கிலத்தில் அந்த ஒலி சொல்லின் கடைசியிலும் நடுவிலும் வரும், முதலில் வராது. நமக்கும் அங்ஙனம், இங்ஙனம் என்று நடுவில்தான் பழக்கம். எழுத்து வரிசையில் இருக்கிறதே என்று ஙப்போல் வளை சொல்லிக்கொண்டிருக்கிறோம். அங்கேயோ சொல்லின் முதல் எழுத்தாகவே வந்து நிற்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்பதை அவர்கள் வாக்கோல், புலோரா, ஙோரோ, வாரா என்றார்கள். மற்ற ஆங்கிலேயர்கள் இந்த ஒலியைக் காதில் வாங்காமலே விட்டுவிட்டு ஊர்ப் பெயர்களைச் சிதைத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். த்ரெல்கெல்ட் ஒவ்வோர் இடத்திலும் அதைக் குறித்தார்.

இன்னொன்று இன்னும் நுட்பமானது. தமிழில் 'பிராபன் வந்தான்' என்றாலும் 'பிராபன் மீனைக் குத்தினான்' என்றாலும் பிராபன் என்ற எழுவாய் மாறாது. அந்த மொழியில் மாறும். வெறுமனே வந்தால் பிராபன். இன்னொன்றின் மேல் ஒரு வேலையைச் செய்தால் பெயரோடு 'டோ' ஒட்டிக்கொண்டு பிராபன்டோ. லத்தீன் இலக்கணத்தை அளவுகோலாக வைத்துப் படித்த மனிதருக்கு இது பிடிபடவே கூடாது. ஆனால் பிடிபட்டது. 1834-ல் சிட்னியில் அச்சான அவருடைய இலக்கண நூலில், எழுவாய்க்கு இரண்டு வடிவம் உண்டு என்று பிரித்துக் காட்டினார். மொழியியலாளர்கள் இதற்கு எர்கேட்டிவ் என்று பெயர் வைத்தது வெகுகாலம் கழித்து. அந்த நூலின் வேற்றுமைப் பட்டியலில் எடுத்துக்காட்டாக வரும் பெயரும் பிராபன்தான். ஒரே சொல் ஆளின் பெயராக வரும்போது எப்படித் திரிகிறது, பறவையின் பெயராக வரும்போது எப்படித் திரிகிறது என்று காட்ட, எதிரில் உட்கார்ந்திருந்தவரின் பெயரை விட வசதியான உதாரணம் கிடைக்காது.

1830-ல் பரமட்டாவில் பூர்வகுடிகளின் வருடாந்திரக் கூட்டத்தில் கவர்னர் டார்லிங், பிராபனுக்கு ஒரு பித்தளைத் தகடு கொடுத்தார். கழுத்தில் தொங்கவிட்டு நெஞ்சில் கிடக்கும் தகடு. அப்போது இப்படிப்பட்ட தகடுகளைப் பலருக்கும் கொடுத்தார்கள், இன்ன கூட்டத்தின் தலைவர் என்று பொறித்து. பிராபனின் தகட்டில் மட்டும் கூடுதலாக ஒன்று இருந்தது: தன் தாய்மொழியை எழுத்தில் கொண்டுவர உதவியதற்கான பரிசு என்று. உதவி என்ற சொல் போதாது. ஆனால் அந்தக் காலத்தில், அந்த நாட்டில், ஒரு பூர்வகுடி மனிதரின் அறிவுழைப்பை அரசாங்கம் உலோகத்தில் பொறித்துக் கொடுத்தது சிறிய விஷயமும் இல்லை. 1834 நூலின் முகப்பில் த்ரெல்கெல்டின் பெயர் மட்டுமே இருந்தது. அங்கே இரண்டு பெயர்கள் இருந்திருக்க வேண்டும்.

நீதிமன்றத்தில் நடந்தது இன்னும் கசப்பானது. ஹன்டர் பள்ளத்தாக்கில் மேய்ச்சலுக்காக நிலத்தை வளைத்தார்கள். கங்காரு மேய்ந்த வெளியில் ஆடும் மாடும் வந்தன, கிழங்கு தோண்டிய ஆற்றங்கரைகள் பண்ணைகளாயின. பசித்தவர்கள் மாட்டைக் குத்தினார்கள், சோளத்தை எடுத்தார்கள், சில இடங்களில் மேய்ப்பர்களைக் கொன்றார்கள். பதிலுக்குத் துப்பாக்கி வந்தது. 1826-ல் லெப்டினன்ட் லோ என்ற குதிரைப்படை அதிகாரி, காவலில் இருந்த பூர்வகுடி ஒருவரை மரத்தில் கட்டிச் சுடச் சொன்னார். மறு வருடம் சிட்னி நீதிமன்றத்தில், ராணுவ அதிகாரிகளே ஜூரிகளாக உட்கார்ந்து, அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள். அதே நீதிமன்றத்தில் பூர்வகுடிகள் குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போது, தங்கள் மேல் என்ன குற்றச்சாட்டு என்றே அவர்களுக்குப் புரியாது. அதைப் புரியவைக்க த்ரெல்கெல்டை மொழிபெயர்ப்பாளராக அழைத்தார்கள். அவர் பிராபனை உடன் அழைத்துக்கொண்டு போவார்.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். கைதி வேறு ஒரு வட்டாரத்துக்காரர், பேச்சு வேறு. பிராபனுக்கு அது புரியும். கைதி சொன்னதைப் பிராபன் தன் மொழியிலோ ஆங்கிலத்திலோ த்ரெல்கெல்டிடம் சொல்வார். த்ரெல்கெல்ட் நீதிபதிக்குச் சொல்வார். அந்த மண்டபத்தில் இரண்டு பக்கமும் புரிந்த ஒரே ஆள் பிராபன். ஆனால் அவரால் சத்தியப் பிரமாணம் எடுக்க முடியாது. கடவுளையும் மறுமைத் தண்டனையையும் நம்பாதவர் பைபிளைத் தொட்டுச் செய்யும் சத்தியம் சட்டத்தில் செல்லாது. அதனால் பிரமாணம் எடுத்த பாதிரியாரின் வாய் வழியாக வந்தால்தான் அவர் பேச்சு பேச்சாகும். சாட்சிகளுக்கும் இதே கதிதான். தன் கண்ணெதிரில் தன் குடும்பம் கொல்லப்பட்டதைப் பார்த்த பூர்வகுடி, சாட்சிக் கூண்டில் ஏற முடியாது.

இதை மாற்ற வேண்டும் என்று த்ரெல்கெல்ட் விடாமல் எழுதினார். ஆண்டுதோறும் அரசுக்கு அவர் அனுப்பிய அறிக்கைகள் ஊழிய அறிக்கையாகத் தொடங்கிக் கொலைக் கணக்காக முடிந்தன. எங்கே எத்தனை பேர் சுடப்பட்டார்கள் என்று தனக்கு எட்டிய செய்திகளைப் பதிவு செய்தார். குடியேறிகளுக்கு அவர் மேல் ஆத்திரம். பத்திரிகைகள் ஏசின. 1838 ஜூன் 10-ல் மயால் கிரீக்கில் கால்நடைப் பண்ணையாட்கள் 28 பூர்வகுடிகளைக் கட்டி இழுத்துப் போய் வெட்டிக் கொன்றார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். முதல் விசாரணையில் 11 பேரும் விடுதலை. அட்டர்னி ஜெனரல் பிளங்கெட் விடாமல் மறுபடி வழக்கு நடத்தி 7 பேருக்குத் தண்டனை வாங்கினார். டிசம்பர் 18-ல் அவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். கொலையாளிகளை நன்றாக அறிந்த டேவி என்ற பூர்வகுடிப் பையன் அந்தப் பண்ணையில் இருந்தார், அவரைச் சாட்சியாக நிறுத்த முடியவில்லை. 1839-ல் நியூ சவுத் வேல்ஸ் ஒரு திருத்தச் சட்டம் போட்டது, லண்டன் அதை நிராகரித்தது. பூர்வகுடிகளின் சாட்சியத்துக்கு அந்தக் காலனியில் சட்டம் இடம் கொடுத்தது 1876-ல். அதற்குள் சாட்சி சொல்ல வேண்டியவர்களில் எத்தனை பேர் மிஞ்சியிருந்தார்கள்?

த்ரெல்கெல்டைப் புனிதராக்கும் எண்ணம் எனக்கில்லை. சண்டைக்காரர். மூத்த பாதிரியார் சாமுவேல் மார்ஸ்டனோடு மோதல், ஜான் டன்மோர் லாங்கோடு வழக்கு. செலவு மிஞ்சிப் போகிறது என்று லண்டன் மிஷன் 1828-ல் அவரைக் கைவிட்டது. பிறகு அரசாங்கம் ஆண்டுக்கு 150 பவுன் சம்பளம் கொடுக்க, ஏரியின் மேற்குக் கரையில் 1,280 ஏக்கரில் எபனேசர் என்று புதிய இடம் அமைத்தார். அங்கே தனக்கென ஒரு நிலக்கரிச் சுரங்கமும் வெட்டினார். நிலக்கரிக்கு அந்த மக்கள் நிக்கின் என்று பெயர் வைத்திருந்தார்கள். 'பா' என்று முடிந்தால் இடம். நிக்கின்பா என்றால் நிலக்கரி இருக்கும் இடம். அந்தச் சொல்லைப் பட்டியலில் பத்திரமாக எழுதி வைத்தவர், அந்த நிக்கினைத் தன் பெயரில் தோண்டினார். அவர்களுடைய தெய்வ நம்பிக்கைகளையும் அவர் இருள் என்றே நம்பினார். சுவிசேஷத்தில் கடவுளைக் குறிக்க அவர்களுடைய சொல் எதையும் எடுக்காமல் எபிரெயப் பெயர்களையே போட்டார். நிலம் பறிபோவதைக் கண்டு கொதித்த மனிதர், பறிபோன நிலத்தின் மேல்தான் வீடு கட்டியிருந்தார். இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றிப் பேசுவது அவருக்கும் நியாயமில்லை, அந்த மக்களுக்கும் நியாயமில்லை.

லூக்கா சுவிசேஷத்தின் முதல் வரைவு 1831-ல் தயாராகிவிட்டது. பிராபனோடு உட்கார்ந்து வரி வரியாக, சொல் சொல்லாக. புதிய கருத்து ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தால், முதலில் அதைப் பிராபனுக்கு விளக்க வேண்டும். அவர் யோசித்து இப்படிச் சொன்னால் எங்கள் ஆட்களுக்குப் புரியும் என்று ஒரு தொடரைத் தருவார். பாலைவன நாட்டின் ஆட்டிடையர் கதையை, ஆடு தன் நிலத்தைத் தின்னவே வந்ததென்று அறிந்த ஒருவர் எப்படி வாங்கிக்கொண்டிருப்பார் என்று யோசித்தால் மனம் கனக்கிறது. பிராபன் கடைசிவரை தன் மக்களின் வழியிலேயே இருந்தார். நண்பர் காட்டிய வேதத்துக்குச் சொல் கொடுத்தார், அதற்குள் போகவில்லை.

கேட்க ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். நோய்கள், சாராயம், துப்பாக்கி, பசி. மிச்சமிருந்தவர்களில் பலர் வேலையும் உணவும் தேடி நியூகாசில் பக்கம் போய்விட்டார்கள். 1839 வாக்கில் அமெரிக்கக் கடற்பயணக் குழு ஒன்றோடு வந்த மொழியறிஞர் ஹோரேஷியோ ஹேல் ஏரிக்கரைக்கு வந்து த்ரெல்கெல்டையும் பிராபனையும் சந்தித்தார். அதே குழுவின் ஓவியர் ஆல்பிரட் ஏகேட் வரைந்த பிராபனின் படம் இன்றும் இருக்கிறது. தீர்க்கமான முகம். 1841 கடைசியில் மிஷன் மூடப்பட்டது. யாருக்காக மிஷன் தொடங்கப்பட்டதோ அவர்களே இந்த வட்டாரத்தில் இல்லாமல் போனார்கள், மூடுவதற்கு வேறு காரணம் இல்லை என்ற பொருளில் த்ரெல்கெல்ட் கடைசி அறிக்கையில் எழுதினார். 1846-ல் பிராபன் இறந்தார். த்ரெல்கெல்ட் சிட்னியில் மாலுமிகளின் தேவாலயத்தில் போதகரானார். ஆனால் ஏடுகளை மூடி வைக்கவில்லை. 1850-ல் மொழியின் அமைப்பை விளக்கும் இன்னொரு நூலை வெளியிட்டபோது, பிராபனைப் பற்றிய நினைவுகளையும் அதில் சேர்த்தார். 1857-ல் சுவிசேஷத்தைத் திருத்தி முடித்தார். 1859 அக்டோபரில் காலமானார்.

அந்த மொழியைக் கேட்க ஆளில்லாத ஊரில், ஆசிரியரும் போன பிறகு, எழுபதை நெருங்கும் ஒரு முதியவர் ஒவ்வொரு வினைத் திரிபையும் மறுபடி சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஏன்? கடவுளுக்குச் செய்த சத்தியம் என்று அவர் சொல்லியிருக்கக்கூடும். எனக்கோ அது நண்பரோடு தொடர்ந்து பேசிக்கொண்டிருப்பதற்கு அவரிடம் மிஞ்சியிருந்த ஒரே வழி என்று படுகிறது.

அந்த நூல்களையெல்லாம் ஒன்று திரட்டி 1892-ல் ஜான் ஃப்ரேசர் என்பவர் பதிப்பித்தார். அவபகால் என்ற பெயரை அந்த மக்களுக்கும் மொழிக்கும் வைத்தவர் அவர்தான். ஏரியின் பழைய பெயரான அவபாவிலிருந்து உருவாக்கியது. நமக்கும் இதில் ஒரு சிறு தொடர்பு உண்டு. கால்டுவெல் தம் திராவிட ஒப்பிலக்கணத்தில் ஆஸ்திரேலிய மொழிகளின் தன்மைப் பெயர்களைத் தமிழின் நான், யான் ஆகியவற்றோடு ஒப்பிட்டு, உறவு இருக்குமோ என்று ஆராய்ந்திருக்கிறார். அந்தக் கருத்தை இன்றைய மொழியியல் ஏற்கவில்லை. ஆனால் இடையன்குடியில் உட்கார்ந்து ஒருவர் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் 'நான்' என்ற சொல்லைப் பற்றி யோசித்தார் என்பதே எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

நியூகாசில் துறைமுகத்தின் வாயிலில் ஒரு பாறைக் குன்று நிற்கிறது. ஆங்கிலேயர் நாபிஸ் ஹெட் என்றார்கள். அதற்குள் ஒரு பெரிய கங்காரு ஒளிந்திருக்கிறது, அது வாலை அடிக்கும்போது பூமி அதிர்கிறது என்பது பூர்வகுடிகளின் கதை. த்ரெல்கெல்ட் அதையும் எழுதி வைத்திருந்தார். 1989 டிசம்பர் 28-ல் நியூகாசிலை ஒரு நிலநடுக்கம் உலுக்கியது, 13 பேர் இறந்தார்கள். இந்த மண் அதிர்வது புதிதல்ல என்பதை அந்தக் கதை எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தது. இன்று அந்தக் குன்றுக்கு விபைகன்பா என்ற பழைய பெயரும் அதிகாரபூர்வமாகச் சூட்டப்பட்டிருக்கிறது.

அந்த மக்களின் வழித்தோன்றல்களும் மற்றப் பூர்வகுடிகளும் சேர்ந்து நியூகாசிலில் மொழி மீட்பு வேலையைத் தொடங்கினார்கள். அவர்கள் உருவாக்கிய அகராதி மென்பொருளின் பெயர் மிரோமா. காப்பாற்றப்பட்டது என்று பொருள். அழியும் நிலையில் உள்ள தங்கள் மொழிகளைப் பதிவு செய்ய, உலகின் பல மூலைகளிலும் உள்ள சமூகங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. 2006-ல் அமாண்டா லிசராக் என்ற மொழியியலாளர் ஹன்டர் ஆறு, மக்குவாரி ஏரி வட்டார மொழிக்கு ஒரு புதிய இலக்கணமும் சொற்பட்டியலும் எழுதினார். பழைய ஏடுகளிலிருந்து மீட்டெடுத்த இலக்கணம். நியூகாசில் பல்கலைக்கழகத்தில் பூர்வகுடி மாணவர்களுக்கான கட்டடத்தின் பெயர் பிராபன், அதன் வடிவம் கழுகு.

புதிய இலக்கணத்தில் உதாரண வாக்கியங்களைத் தேடிப் போகிறவர்கள் த்ரெல்கெல்டின் பக்கங்களுக்குத்தான் போக வேண்டும். ஒவ்வொரு வாக்கியமும் ஏதோ ஒரு காலைப் பொழுதில், ஏரிக்கரையில், பிராபன் வாய் திறந்து சொன்னது. பெயரோடு அந்த 'டோ' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.